தரங்கம்பாடி முதல் முத்துப்பேட்டை வரை: தை மாதக் குடும்பப் பயணத்திற்கு வழிகாட்டுதல் வேண்டும்

கேள்வி: நொய்யல்கரையாள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோயம்புத்தூரில் வசிப்பவர்கள். பொங்கல் கழிந்தபின், குடியரசு நாளை ஒட்டி வரும் விடுமுறையோடு பிள்ளைகளுக்குச் சில நாள் விடுப்பும் எடுத்து, ஐந்து இரவுகள் தங்கும்படியாகக் காவிரிப் படுகையின் கடலோரத்திற்கு வர எண்ணியிருக்கிறோம். என் மாமியாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. முழங்கால் வலியால் அவரால் அதிகத் தொலைவு நடக்க இயலாது. ஆனால் தேவாரத்தில் மிகுந்த ஈடுபாடு உடையவர். பாடல் பெற்ற தலம் என்று சொன்னால் எப்படியாவது வந்துவிடுவார். மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள், பறவைகளின் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பவள். மகன் இரண்டாம் வகுப்பு. அவனுக்குக் கடல் என்றால் குளிப்பது மட்டும்தான்.

கேளிக்கைப் பூங்காவும் கூட்டமும் உள்ள கடற்கரை எங்களுக்கு வேண்டாம். வயலும் உப்பளமும் மீனவர் குடியிருப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நாட்டுப்புறக் கடற்கரையைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். வரைபடத்தைப் பார்த்து நான் போட்டு வைத்திருக்கும் திட்டம் இது: பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை, மனோரா, இறுதியாக இராமேசுவரம். நாளொன்றுக்கு இரண்டு இடங்கள் என்ற கணக்கில் முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. இது நடைமுறைக்கு ஒத்து வருமா, எந்த ஊர்களில் தங்குவது நல்லது, தை மாதத்தில் மழைக்கு அஞ்ச வேண்டுமா, சொந்த வாகனம் இல்லாமல் வரலாமா என்பவற்றை அந்தப் பகுதியை நன்கு அறிந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: அகத்தியம்பள்ளி ஆசிரியர்

வணக்கம் அம்மா. நான் வேதாரண்யம் வட்டத்தில் பிறந்து, இங்கேயே ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்திற்குக் குழந்தைகளை அழைத்து வர வேண்டும் என்று நினைத்தீர்களே, அதுவே மகிழ்ச்சி தருகிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இராமேசுவரத்தையும் மனோராவையும் இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மனோரா பார்க்கத் தக்க இடம்தான். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் மல்லிப்பட்டினத்தருகே எழுப்பிய கோபுரம் அது. ஆனால் அதற்காக ஒரு பகற்பொழுதைச் சாலையில் செலவிட்டால், கோடியக்கரையில் நீங்கள் இருக்க வேண்டிய மாலை நேரம் கைவிட்டுப் போகும். இராமேசுவரம் தனியாக ஒரு பயணத்திற்குரியது. எங்கள் கடற்கரையில் ஊர்களை எண்ணிக்கொண்டு போவதால் பயனில்லை. இங்கே காண வேண்டியவை பெரும்பாலும் விடியற்காலையிலும் மாலை நான்கு மணிக்குப் பின்னருமே காணக் கிடைப்பவை. நண்பகலில் வந்து இறங்குபவருக்கு வெயிலும் மணலும் மட்டுமே தெரியும். எனவே இரண்டே ஊர்களில் தங்குங்கள். முதல் இரண்டு இரவுகள் தரங்கம்பாடி அல்லது காரைக்கால், அடுத்த மூன்று இரவுகள் வேதாரண்யம் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு இடத்திலும் விடியலும் மாலையும் உங்களுக்கு வாய்க்கும்.

கோயம்புத்தூரிலிருந்து வருவோருக்கு ஒரு வசதி உண்டு. மயிலாடுதுறைக்கு ஜன் சதாப்தி வண்டி இருக்கிறது. காலையில் புறப்பட்டால் பிற்பகலில் மயிலாடுதுறை வந்து, அங்கிருந்து வாடகைக் கார் அல்லது பேருந்தில் தரங்கம்பாடிக்கு வந்துவிடலாம். திரும்பும்போது மன்னார்குடியிலிருந்து கோயம்புத்தூருக்கு இரவில் செல்லும் செம்மொழி விரைவு வண்டியைப் பிடிக்கலாம். வடக்கே நுழைந்து தெற்கே வெளியேறுவதால் வந்த வழியே திரும்பிச் செல்லும் அலைச்சல் இராது. வண்டி ஓடும் கிழமைகளையும் நேரத்தையும் முன்பதிவின்போது உறுதி செய்துகொள்ளுங்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரையிலான அகலப்பாதையும் 2023 இல் திறக்கப்பட்டுவிட்டது; உப்பளங்களின் ஓரமாகச் செல்லும் அந்தப் பாதையில் ஒருமுறை பிள்ளைகளை ஏற்றிச் செல்லுங்கள். ஆனால் அதில் வண்டிகள் குறைவு என்பதால் அதையே நம்பித் திட்டமிட வேண்டாம்.

மழையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை இரண்டும் வடகிழக்குப் பருவமழைக் காலம், புயல் காலமும் அதுவே. 2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தபோது இப்பகுதியின் தென்னை, மா, முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நீங்கள் வழியில் காணும் தென்னைகளில் பல அதற்குப் பின் நட்டவை. தை பிற்பகுதியில் மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். சம்பா அறுவடை நடக்கும். ஏரிகளிலும் சதுப்பிலும் நீர் நிற்கும். வெயிலும் கடுமையாக இராது. முதியவரை அழைத்து வர ஆண்டிலேயே இதைவிடப் பொருத்தமான காலம் எங்களுக்கு வேறு இல்லை. சித்திரையில் வந்தால் உப்பு விளைச்சலின் உச்சத்தைக் காணலாம் என்பது உண்மை. ஆனால் அந்த வெயிலில் உப்பளத்தருகே பிள்ளைகளை அரைமணி நேரம்கூட நிறுத்தி வைக்க முடியாது.

உங்கள் மாமியாருக்காகச் சில சொற்கள். வேதாரண்யேசுவரர் கோயிலில், நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த கதவைத் திறக்க அப்பரும், அதை மீண்டும் அடைக்கச் சம்பந்தரும் பாடினார்கள் என்பதை அவரே உங்களுக்குச் சொல்வார். அம்மன் திருப்பெயர் யாழைப் பழித்த மொழியாள். ‘திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு’ என்று நம் முன்னோர் சொன்னதற்கேற்ப மாலை விளக்கேற்றும் நேரத்தில் அவரைச் சன்னதியில் அமர வைத்துவிடுங்கள். கோயிலுக்கு நேர் கிழக்கே உள்ள கடலைச் சன்னதிக் கடல் என்கிறோம். கோடியக்கரையில் குழகர் கோயில் இருக்கிறது. கடற்காற்று மோதும் கரையில் துணையின்றித் தனித்திருக்கிறாயே என்று சுந்தரர் மனம் இரங்கிப் பாடிய தலம் அது. பெரிய கோயிலன்று, படிகளும் குறைவு. அந்தப் பதிகத்தை அவர் அங்கே உட்கார்ந்து பாடக் கேட்கும் பேறு பிள்ளைகளுக்குக் கிட்டட்டும்.

அகத்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூண் நிற்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து புறப்பட்ட தொண்டர்கள் ஏப்ரல் 28 அன்று வேதாரண்யத்தை அடைந்து, 30 அன்று இங்கே உப்பு அள்ளினார்கள். வழி நெடுகிலும் அவர்களுக்கு உணவும் இடமும் கொடுத்தவர்களைத் தண்டிப்போம் என்று தஞ்சை மாவட்ட நிர்வாகம் எச்சரித்தும் மக்கள் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி வைத்து உதவினார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். வேதரத்தினம் பிள்ளை தம் உப்பளத்தை இழந்ததும் சிறை சென்றதும் அந்தப் போராட்டத்தில்தான். எட்டாம் வகுப்புப் பெண் பாடநூலில் ஒரு பத்தியாகப் படித்திருப்பாள். அதே மண்ணில், இன்றும் பாத்தி கட்டி உப்பு வாரும் தொழிலாளரைப் பார்த்தபடி அதைக் கேட்டால் அவள் மறக்கமாட்டாள். தை மாதத்தில் பாத்திகளைச் சீரமைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும். யாரிடமாவது அனுமதி கேட்டுவிட்டு வரப்பில் நில்லுங்கள். பாத்திக்குள் கால் வைக்க வேண்டாம், மிதித்தால் கெட்டிப்படுத்திய களித்தரை கெட்டுவிடும்.

கடைசியாக, மகனின் குளியல் பற்றி ஒன்று. கோடியக்கரை ஒரு மூலை. அதற்கு வடக்கே உள்ள கரை கிழக்கு நோக்கி வங்கக் கடலைப் பார்க்கிறது. அங்கே அலை உண்டு, இழுப்பும் உண்டு. மூலையைத் திரும்பி மேற்கே போனால் பாக் நீரிணைப் பக்கம். அங்கே அலை மிகக் குறைவு, ஆனால் சேறு. இரண்டு கடலையும் ஒரே நாளில் பிள்ளைகளுக்குக் காட்ட முடிவது இங்கே கிடைக்கும் அரிய வாய்ப்பு. குளிப்பதென்றால் சன்னதிக் கடலில், ஊரார் குளிக்கும் இடத்தில், முழங்காலளவு நீரில், பெரியவர் ஒருவர் கையைப் பிடித்திருக்கக் குளிக்கட்டும்.

மறுமொழி 2: உள்ளான்

ஆசிரியர் ஐயா கூறியவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். பறவைகள் குறித்து மட்டும் சேர்த்து எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் மகளின் குறிப்பேட்டை நினைக்கும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி இப்பகுதியின் சிறப்பை எடுத்துக் கூறியபின் 1967 இல் கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002 இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வலசைப் பாதையை அறியும் பணியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாக இங்கே செய்து வருகிறது. வடபுலக் குளிருக்கு அஞ்சி வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஆலாக்களும் ஐப்பசி முதல் மாசி வரை இங்கே இருக்கும். பூநாரைகளைக் காண முனியப்பன் ஏரிப் பக்கமும் உப்பளங்களை ஒட்டிய சதுப்பும் ஏற்ற இடங்கள். ஆனால் அவை ஒரே இடத்தில் நிலையாக நிற்பதில்லை. மழை மிகுந்து நீர் ஆழமாக இருந்தால் கரையிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கும். நீர் வற்றி உவர்ப்பு ஏறும்போது இடம் மாறும். ஆகவே எங்கே நிற்கின்றன என்பதை அன்றன்று வனத்துறைக் காவலரிடமோ உப்பளத் தொழிலாளரிடமோ கேட்டுத்தான் செல்ல வேண்டும்.

காட்டுக்குள் வெளிமான்களும், நெடுங்காலமாகக் காட்டிலேயே வாழ்ந்து பெருகிய குதிரைகளும் உண்டு. புல்வெளியில் மான்கள் மேய்வதை வாகனத்திற்குள் இருந்தபடியே காண முடியும் என்பதால் உங்கள் மாமியாரும் இதில் முழுமையாகக் கலந்துகொள்ளலாம். ஆண் மானின் முதுகு கருமையும் வயிறு வெண்மையுமாக இருக்கும், கொம்பு முறுக்கியிருக்கும். பெண் மானும் இளம் ஆண்களும் பழுப்பு நிறம். வரையச் சொல்லிவிட்டு வாருங்கள்.

தங்குமிடம் குறித்து ஐயாவிடமிருந்து சற்றே வேறுபடுகிறேன். வேதாரண்யத்தில் தங்கும் மூன்று இரவுகளில் ஒன்றையாவது கோடியக்கரையிலேயே, வனத்துறையின் பூநாரை இல்லத்தில், கழிக்க முயலுங்கள். அறைகள் மிகக் குறைவு. நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் பல வாரங்களுக்கு முன்பே கேட்டு அனுமதி பெற வேண்டும். கிடைத்தால், விடியலில் சதுப்பின் ஓரத்தில் நிற்க உங்களுக்குப் பத்து நிமிடம் போதும். கிடைக்காவிட்டாலும் வருந்த வேண்டியதில்லை. வேதாரண்யத்திலிருந்து ஏறத்தாழ பத்து கிலோமீட்டர்தான், ஐந்து மணிக்கு ஆட்டோ சொல்லி வைத்தால் வந்துவிடுவார்கள்.

தை முதல் பங்குனி வரை, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் இக்கரையில் ஏறி முட்டையிடும். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காக்கிறார்கள். நீங்கள் வரும் நாட்களில் குஞ்சுகளைக் கடலில் விடும் நிகழ்வு இராது என்றாலும், பொரிப்பகத்தைப் பார்க்க அனுமதி கேட்கலாம். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டாம் என்று மகனிடம் முன்னரே சொல்லி வையுங்கள். பூநாரைக் கூட்டத்தைப் பறக்கச் செய்து படமெடுப்பதற்காகக் கைதட்டுவோரும் கல் எறிவோரும் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து களைத்து வந்து, திரும்பிச் செல்வதற்கான கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவைகளுக்கு அது செய்யும் தீங்கு பெரிது. ஒரு சிறிய இருகண் நோக்கி இருந்தால் தொலைவிலிருந்தே நிறைவாகப் பார்க்கலாம்.

கேட்டவர்: நொய்யல்கரையாள்

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் மறுமொழிகளை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். கோடிக் குழகர் என்றதும் அவர் சுந்தரர் தேவாரத்தை எடுத்து வைத்துக்கொண்டார். இராமேசுவரத்தையும் மனோராவையும் நீக்கிவிட்டோம். பூம்புகாரையும் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. மீனவர் ஊர் ஒன்றில் வீட்டோடு தங்கவோ, அதிகாலையில் அவர்களுடன் படகில் சிறிது தூரம் சென்று வரவோ வாய்ப்பு உண்டா? முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு முழங்கால் வலி உள்ளவரைப் படகில் அழைத்துச் செல்வது சரியாக இருக்குமா?

மறுமொழி 3: தரங்கைக் கரையோன்

அம்மா, நான் தரங்கம்பாடியை அடுத்த மீனவர் ஊரைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பத்தார் இன்றும் ஃபைபர் படகில் தொழில் செய்கிறார்கள். உங்கள் முதல் ஐயத்திற்கு நான் விடை சொல்வது பொருத்தமாக இருக்கும்.

தொழில் படகில் பயணிகளாக ஏறுவதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அந்தப் படகுகள் மீன்பிடிப்பதற்காகப் பதிவு செய்யப்பட்டவை. வெளியாரை ஏற்றிச் சென்றது தெரிந்தால் படகுக்காரர்தான் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திடம் விடை சொல்ல வேண்டிவரும். கோடியக்கரைப் பக்கம் இலங்கைக் கடல் எல்லையும் அருகில் இருப்பதால் அங்கே கண்காணிப்பு இன்னும் அதிகம். யாராவது பணம் பெற்றுக்கொண்டு அழைத்துச் செல்ல முன்வந்தாலும், இரண்டாம் வகுப்புப் பிள்ளையை உயிர்காப்புச் சட்டை இல்லாமல் முகத்துவாரத்து அலையைத் தாண்டிக் கொண்டுபோவது சரியன்று.

படகில் ஏறாமலேயே எங்கள் வாழ்க்கையைப் பார்க்க வழி இருக்கிறது. காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் படகுகள் கரை சேரும். வலையிலிருந்து மீனைக் கழற்றுவதும், பெண்கள் கூடை கூடையாக வாங்குவதும், ஏலம் கூறுவதும் மணலிலேயே நடக்கும். ஒதுங்கி நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள். விரித்துக் கிடக்கும் வலையின் மேல் நடக்காதீர்கள், தாண்டவும் வேண்டாம், சுற்றிக்கொண்டு வாருங்கள். ஏலம் நடக்கும்போது பெண்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். அது அவர்கள் அன்றைய பிழைப்புக்குப் பேரம் பேசும் நேரம். ஏலம் முடிந்தபின் பேச்சுக் கொடுத்தால் எந்த மீனை எப்படிச் சமைப்பது என்பதுவரை சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு கிலோ மீன் வாங்கி, தங்குமிடத்திலோ அருகிலுள்ள சாப்பாட்டுக் கடையிலோ கொடுத்தால் குழம்பு வைத்துத் தருவார்கள்.

வீட்டோடு தங்குவது எங்கள் ஊர்களில் இன்னும் வழக்கத்திற்கு வரவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தாருக்குத் தெரியாமல் வெளியார் தங்குவதை ஊர் விரும்பாது, அதில் நியாயமும் இருக்கிறது. தரங்கம்பாடியில் கோட்டைக்கு அருகே பழைய பங்களாவில் இயங்கும் விடுதியும் வேறு சில தங்குமிடங்களும் உள்ளன. காரைக்காலில் எல்லா விலையிலும் அறைகள் கிடைக்கும், பதினைந்து கிலோமீட்டர் தொலைவுதான்.

தரங்கம்பாடியில் ஒரு முழு நாளை அமைதியாகக் கழிக்கலாம். தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்பேரில் டேனியர்கள் 1620 இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை, ஜெர்மானியச் சமயப் பரப்புநர் சீகன்பால்கு 1718 இல் எழுப்பி, பின் தாமே அடக்கம் செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயம், கவர்னர் பங்களா எல்லாமே ஒரே தெருவைச் சுற்றி இருப்பவை. தமிழில் அச்சிடப்பட்ட புதிய ஏற்பாடு 1715 இல் வெளிவந்தது இந்த ஊர் அச்சகத்திலிருந்துதான். நகர வாயிலிலிருந்து கோட்டை வரை வாகனமே செல்லும். உங்கள் மாமியார் கோட்டைக்கு எதிரே கடலைப் பார்த்து அமர்ந்திருக்கலாம். அருகிலேயே மாசிலாமணிநாதர் கோயில். 1306 இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டப்பட்ட அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இக்கரையில் கடல் எவ்வளவு நிலத்தை எடுத்துக்கொண்டது என்பதைப் பிள்ளைகள் அங்கே கண்ணால் காணலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அன்றைய நாகை மாவட்டம். ஒவ்வோர் ஊரிலும் நினைவிடம் இருக்கும். அந்த நாளில் நாங்கள் கடலுக்குச் செல்வதில்லை. பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்டால் நினைவிடத்தைக் காட்டி நீங்களே சொல்லுங்கள். கரையில் வேலை செய்துகொண்டிருப்பவரிடம் ‘உங்கள் வீட்டில் யாரை இழந்தீர்கள்’ என்று கேட்க வேண்டாம். வருவோர் பலர் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

மறுமொழி 4: ஜாம்புவானோடைக்காரி

இரண்டாவது ஐயத்திற்கு நான் விடை தருகிறேன். முத்துப்பேட்டையிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஜாம்புவானோடைப் படகுத்துறையில் ஏறி, ஆற்றின் வழியாக லகூன் எனப்படும் கடற்கழிக்குச் செல்ல வேண்டும். வனத்துறையின் அனுமதி தேவை. போகவர அரைநாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் இரு கரையிலும் அலையாத்தி மரங்கள். அவற்றின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பதை உங்கள் மகள் மிக அருகில் காணலாம். லகூன் அகன்று விரிந்திருந்தாலும் பல இடங்களில் ஓர் ஆள் உயரத்திற்கும் குறைவான ஆழம்தான். அதனால் நீர்மட்டத்தைப் பார்த்தே படகுக்காரர்கள் புறப்படும் நேரத்தைச் சொல்வார்கள். அவர்களை அவசரப்படுத்த வேண்டாம்.

முழங்கால் வலி உள்ளவருக்குப் படகில் அமர்ந்திருப்பது சிரமமில்லை. ஏறி இறங்குவதுதான் சிரமம். துறையில் இருவர் கைகொடுத்து ஏற்றிவிடுவார்கள். ஆனால் காட்டுக்குள் அமைத்த மரப்பாலத்தில் அவர் இறங்கி நடக்க முயல வேண்டாம், பலகை ஈரமாக இருந்தால் வழுக்கும். படகில் கழிப்பறை இல்லை, நிழலும் குறைவு. அவர் களைப்பாக இருந்தால் அன்று காலை வேதாரண்யத்திலேயே ஓய்வெடுக்கட்டும், நீங்கள் பிள்ளைகளுடன் மட்டும் வாருங்கள். கரையோரம் தில்லை மரங்களும் உண்டு. அதன் பால் தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பிள்ளைகள் படகிலிருந்து கை நீட்டி எந்தக் கிளையையும் ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே! முத்துப்பேட்டையில் கொடுவாவும் மடவையும் நண்டும் கிடைக்கும். நாகூரில் மாலை நேரத்தில் இறால் வைத்த வாடா என்னும் பலகாரம் சுடச்சுடக் கிடைக்கும், அதற்காகவே தரங்கம்பாடியிலிருந்து வேதாரண்யம் செல்லும் வழியில் நாகூரில் இறங்குங்கள். தர்காவின் மினாராக்களில் மிக உயர்ந்தது 131 அடி; தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் எழுப்பியது. எல்லாச் சமயத்தாரும் வந்து போகும் இடம், நீங்களும் தயக்கமின்றிச் செல்லலாம். மாமியார் சைவ உணவு உண்பவராயின் வேதாரண்யத்திலும் நாகையிலும் நல்ல சைவக் கடைகள் உண்டு. கோடியக்கரையில் மட்டும் எதையும் எதிர்பார்க்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருந்துகளையும் அவ்வாறே போதுமான அளவு கொண்டு வாருங்கள். அவசரம் என்றால் வேதாரண்யத்தில் அரசு மருத்துவமனையும், நாகையிலும் திருவாரூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் இருக்கின்றன.

கேட்டவர்: நொய்யல்கரையாள்

எங்கள் வீட்டில் அனைவரும் கூடிப் பேசித் திட்டத்தைத் திருத்தி அமைத்துவிட்டோம். மயிலாடுதுறையில் இறங்கித் தரங்கம்பாடியில் இரண்டு இரவுகள். மூன்றாம் நாள் காலை மீன் ஏலம் பார்த்துவிட்டு, நாகூரில் சிறிது நேரம் தங்கி, மாலை விளக்கேற்றும் நேரத்திற்கு வேதாரண்யம். பூநாரை இல்லத்தில் அறை கிடைத்தால் ஓர் இரவு அங்கே. கடைசி நாள் நானும் கணவரும் பிள்ளைகளும் முத்துப்பேட்டை சென்று வர, மாமியார் வேதாரண்யத்தில் என் நாத்தனாருடன் இருப்பார், இப்போது அவரும் உடன் வருவதாகச் சொல்லிவிட்டார். இரவு மன்னார்குடியில் வண்டி ஏறுகிறோம். வேளாங்கண்ணியை வழியில் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவதாக முடிவு.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நாங்கள் வரும் வாரத்தில் தை அமாவாசை வந்துவிடுமோ என்று மாமியார் கேட்கிறார். அன்று வேதாரண்யத்தில் இருந்தால் நல்லது என்பது அவர் விருப்பம். கூட்டம் தாங்குமா?

மறுமொழி 5: அகத்தியம்பள்ளி ஆசிரியர்

திட்டம் மிக நன்றாக அமைந்துவிட்டது. தை அமாவாசையன்று ஆதிசேது எனப்படும் கோடியக்கரைக் கடலிலும் சன்னதிக் கடலிலும் நீராடி முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய வெளியூர்களிலிருந்து பெருந்திரளான மக்கள் வருவார்கள். முதல் நாள் இரவே அறைகள் நிரம்பிவிடும், கோடியக்கரைச் சாலையில் விடியலிலிருந்து வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். பஞ்சாங்கத்தைப் பார்த்து, அமாவாசை உங்கள் நாட்களுக்குள் வந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாமியாரின் விருப்பம் முதன்மை என்றால் வேதாரண்யம் அறையை இன்றே பதிவு செய்து, அமாவாசையன்று சூரியன் உதிக்குமுன் அவரைச் சன்னதிக் கடலுக்கு அழைத்துச் சென்று எட்டு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். கோடியக்கரைக்கு அன்று செல்ல வேண்டாம். மானும் பறவையும் அந்தச் சந்தடியில் உள்ளே ஒதுங்கிவிடும். அமாவாசைக்கு இரண்டு நாள் கழித்துக் காட்டுக்குள் செல்லும்படி நாட்களை அமைத்துக்கொண்டால் இரண்டும் கைகூடும்.

குழகர் கோயில் நடை நண்பகலில் சாத்தியிருக்கும். பிற்பகலில் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்பதை வேதாரண்யம் கோயில் அலுவலகத்தில் முன்னாளே கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். அந்த அம்மையார் பதிகம் பாடப் போதிய நேரம் இருக்க வேண்டும்.